எரிந்த கூடை: கொல்லிமலையில் ஒரு குடும்பத்தின் அறுபது ஆண்டு – நிகழ்வு ஆய்வு

1920-களின் தொடக்கம். கொல்லிமலை மேல் ஒரு மர வீடு. மூன்று பேர் ஒற்றையடிப் பாதையில் மெல்ல நடந்து வருகிறார்கள். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பையன்தான் அவர்களை முதலில் பார்க்கிறான். அம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்ததும் முகம் மாறுகிறது. பிள்ளைகளை வீட்டுக்குள் போகச் சொல்கிறார். பையன் போவதுபோல் போய், மறைந்து நின்று பார்க்கிறான்.

அப்பா கையுறை மாட்டிக்கொண்டு வருகிறார். வந்தவர்களின் பாதங்களைக் கழுவுகிறார், புண்ணுக்கு மருந்து போடுகிறார், கட்டுகிறார். அம்மா ஒரு கூடை நிறையப் பழம் கொண்டுவந்து தரையில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அவர்கள் பழத்தை எடுத்துக்கொண்டு கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பையன் கூடையை எடுக்க ஓட, அம்மா தொடாதே என்று கத்துகிறார். அப்பா கூடையைத் தீயில் போடுகிறார். அப்புறம் வெந்நீரும் சோப்பும் எடுத்துக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்.

வந்தவர்கள் தொழுநோயாளிகள். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவலின் பிராண்ட். பையன் பால் பிராண்ட், பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்திய மருத்துவர்.

விசுவாசத்தை அன்றாட நடத்தையில் காட்டுவது பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. இதில் அன்பும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. காலைக் கழுவிய அதே மனிதர்தான் கூடையையும் கொளுத்தினார். சாட்சி வாழ்க்கை என்றால் குறையே இல்லாத வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டு, நமக்கு அது ஆகாது என்று ஒதுங்கி நிற்பவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்தக் குடும்பத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மலையும் காய்ச்சலும்

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே போய்விடலாம். அன்னாசி, பலா, மிளகு, காபி என்று செழித்த மலை. நூறு வருடம் முன்னால் அந்தச் சாலை இல்லை. நடந்து ஏற வேண்டும், முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போக வேண்டும். கீழே சமவெளியில் இருந்தவர்களுக்குக் கொல்லிமலை என்றாலே மலேரியாதான். அரசு அதிகாரிகளே மேலே தங்கப் பயந்தார்கள்.

ஜெஸ்ஸியும் எவலினும் இங்கிலாந்தைச் சேர்ந்தவர்கள், ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஊழியர்கள். மலையடிவாரத்தில் சேந்தமங்கலம்தான் அந்த மிஷனுக்குப் பக்கத்துத் தளம். 1913-இல் திருமணம் முடித்த கையோடு இருவரும் மலையேறினார்கள். வாழவந்தி என்ற ஊரில் வீடு. ஜெஸ்ஸிக்குக் கட்டட வேலை கைவந்த கலை. வெப்பமண்டல நோய்களுக்கான மருத்துவத்தை ஒரு வருடம் படித்திருந்தார். முழு டாக்டர் அல்ல. பல் பிடுங்குவார், புண் கட்டுவார், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பார். தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார், பட்டுப்புழு வளர்க்க வைத்தார். மலைமக்கள் வரி விஷயத்திலும் நில விஷயத்திலும் ஏமாற்றப்பட்டபோது அவர்களுக்காக அதிகாரிகளிடம் போய் நின்றார்.

நரம்புச் சிலந்தி வைத்தியத்தை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். அசுத்தமான கிணற்றுத் தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகும் புழு அது. ஒரு வருடம் உள்ளேயே வளர்ந்து, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு வந்து, காலில் கொப்புளம் உடைத்துத் தலையை நீட்டும். பிடித்து இழுத்துவிட முடியாது. அறுந்தால் உள்ளே இருக்கிற மிச்சம் சீழ் பிடித்து ஆளையே படுக்கவைத்துவிடும். ஒரு சிறு குச்சியில் தலையைச் சுற்றி, நாளைக்கு ஓரிரு அங்குலம் என்று வாரக்கணக்கில் உருட்டி எடுக்க வேண்டும். புண்காலோடு படிக்கிணற்றில் இறங்கினால் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும், அதைக் குடிக்கிற அடுத்த வீட்டுக்காரருக்கும் வியாதி. அதனால் குச்சியில் சுற்றியதோடு வேலை தீராது. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பவும், கயிறு கட்டி இறைக்கவும், துணியில் வடிகட்டிக் குடிக்கவும் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் யார் கேட்பார்கள்? ஊர் ஊராகப் போய்த் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

சிறுவன் பாலுக்கு இதையெல்லாம் பார்க்கக் குமட்டியது. சீழும் ரத்தமும் பார்த்த பிறகு டாக்டர் வேலையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டான்.

பூசாரி வீட்டுக் கஞ்சி

இவ்வளவு செய்தும் ஆண்டுகள் பல போயின, ஒருவர்கூடக் கிறிஸ்தவராகவில்லை. ஞாயிறுதோறும் பிரசங்கம் நடந்தது. மக்கள் வந்து மருந்து வாங்கிக்கொண்டார்கள், மரியாதையாகக் கேட்டார்கள், திரும்பிப் போனார்கள். எதிர்ப்பும் இருந்தது. ஊர்ப் பூசாரிக்கு இவர்களைக் கண்டால் ஆகாது. யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று மிரட்டிவைத்திருந்தார். அவர் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. எங்கிருந்தோ வந்தவர்கள், ஆளுகிற வெள்ளைக்காரர் இனம், காலங்காலமாகக் கும்பிட்ட சாமியை விட்டுவிடச் சொல்கிறார்கள். சந்தேகப்படாமல் என்ன செய்வார்?

அப்போது விஷக்காய்ச்சல் வந்தது. முதல் உலகப் போரின் முடிவில் உலகம் முழுக்கப் பரவி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் ஆட்களைக் கொண்டுபோன இன்புளுயன்சா. காய்ச்சல் கண்டவர்களைக் குடிசையில் விட்டுவிட்டு மற்றவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2020-இல் கொரோனா வந்தபோது, எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் தகரம் அடித்ததும் பக்கத்து வீட்டுக்காரர்களான நாங்கள் எப்படி நடந்துகொண்டோம் என்பது எனக்கு மறக்கவில்லை.

காய்ச்சல்காரர்களுக்கு மருந்து கிடையாது. தண்ணீரும் கஞ்சியும் வாயில் போய்ச்சேர்ந்தால் பலர் பிழைப்பார்கள். அதைக் கொண்டுபோய் ஊட்ட ஆள் இல்லாமலேயே பலர் செத்தார்கள். பிராண்ட் தம்பதியர் பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, குடிசை குடிசையாகப் போய் ஊட்டினார்கள். பூசாரியின் குடிசைக்கும் போனார்கள். கணவன், மனைவி இருவரும் படுத்த படுக்கை. பக்கத்தில் கைக்குழந்தை.

பூசாரி பிழைக்கவில்லை. சாவதற்கு முன்னால், தன் சாமியைக் கும்பிட்டவர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள், தான் விரட்டிய இவர்கள் மட்டும் வந்தார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். குழந்தையை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார். குழந்தை உயிர்தப்பி அந்த வீட்டுப் பெண்ணாக வளர்ந்தது. செய்தி மலை முழுக்கப் பரவியது. எதிரியின் பிள்ளையை எடுத்து வளர்க்கிறார்களாம் என்று மக்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். வாழவந்தியில் ஒரு சபை உருவானது அதன் பிறகுதான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்தோடு முடித்து, பார்த்தீர்களா, கஞ்சி ஊற்றினார்கள், அறுவடை வந்தது என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அறுவடைக்காகக் கஞ்சி ஊற்றியிருந்தால், சாகக் கிடக்கிற பூசாரியைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்த இடம் அது. அவர் பிழைத்திருந்தால் மறுபடி எதிர்த்திருக்கவும் கூடும். இன்னொன்று, அந்த நாள் திடீரென்று வந்த வீரம் அல்ல. ஐந்தாறு வருடமாகப் பிறத்தியார் வீட்டு வாசலில் குனிந்து புண் கட்டிப் பழகிய கால்கள், காய்ச்சல் வந்தபோதும் அதே வாசல்களுக்குப் போயின. அவ்வளவுதான். கெட்ட காலத்தில் ஒருவர் எப்படி இருப்பார் என்பது, சாதாரண செவ்வாய்க்கிழமைகளில் அவர் எப்படி இருந்தார் என்பதைப் பொறுத்தது.

உதவிக்கும் பிரசங்கத்துக்கும் இடையில் ஒரு சங்கடமான கேள்வி உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. சில வருடம் முன்னால் வெள்ளம் வந்தபோது, ஒரு சபையார் அரிசி மூட்டை கொடுக்கும் வரிசையில் ஆட்களை நிறுத்தி, முதலில் ஒரு மணி நேரக் கூட்டம் நடத்தினதை நான் பார்த்தேன். ஈரச்சேலையோடு ஒரு அம்மா கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார். தலை குனிந்து அந்த இடத்தைவிட்டு வந்தேன். பிராண்ட் தம்பதியரும் பிரசங்கித்தார்கள், கூச்சப்படாமல் பிரசங்கித்தார்கள். ஆனால் கஞ்சிக்கு வரிசை வைக்கவில்லை. பூசாரிக்கு ஊட்டிய கரண்டிக்கு நிபந்தனை ஏதும் இல்லை. அதனால்தான் அவரால் அதை நம்ப முடிந்தது.

பிள்ளைகள் கொடுத்த விலை

1923-இல் பாலையும் அவன் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பையனுக்கு 9 வயது. அன்றைய மிஷனெரிக் குடும்பங்களில் அதுதான் வழக்கம் என்பார்கள். வழக்கம்தான், ஆனாலும் எனக்கு இது ஜீரணமாகவில்லை. ஊரார் பிள்ளையைத் தூக்கி வளர்த்த வீட்டில், தங்கள் பிள்ளை கடல் தாண்டி ஏங்கிக்கிடந்தது. எவலினுக்கும் அந்தப் பிரிவு ஆறாத காயமாக இருந்தது.

1929 ஜூனில் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. பாலுக்குத் தந்தி போனது. அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் அப்பாவின் கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டே இருந்தன, அவர் உயிரோடு இருந்தபோது எழுதியவை. மலையில் எந்த மரம் பூத்திருக்கிறது, என்ன பறவை வந்தது என்று அப்பா எழுதுகிறார். படிக்கிற பையனுக்கு அப்பா இல்லை என்று தெரியும். அந்தக் கடிதங்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

வேலூரில் ஒரு கை

பால் அப்பாவைப் போலவே முதலில் கட்டட வேலையும் தச்சும் கற்றார். பிறகு மனம் மாறி லண்டனில் மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், குண்டுவீச்சில் சிதைந்து வந்தவர்களுக்கு அறுவை செய்து கை தேறினார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மனைவி மார்கரெட் கண் மருத்துவர், அவரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அழைத்ததால் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு ஒருநாள் போனார். ஒரு நோயாளியின் மடங்கிப்போன கையைப் பார்த்து, தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். தசை அழுகிப்போயிருக்கும், பிடி இருக்காது என்று நினைத்தவருக்கு, எலும்பு நொறுங்குவதுபோல் வலித்தது. அவ்வளவு பலம். கையில் நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன, சிலவற்றுக்குப் போகும் நரம்பு மட்டும் செத்துவிட்டது என்று அந்தக் கணத்தில் பிடிபட்டது. நல்ல தசையின் தசைநாரை எடுத்து, செயலிழந்த விரலுக்குக் கட்டினால் கை திறக்கும். தச்சர் மூளை அது. அடுத்த சில வருடங்களில் வேலூரில் அதைச் செய்து காட்டினார்கள்.

சுலபமாக நடக்கவில்லை. தொழுநோயாளியை வார்டில் படுக்கவைத்தால் மற்ற நோயாளிகள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்ற பயம் ஆஸ்பத்திரிகளில் இருந்தது. விரல்கள் நோயினால் தானாக உதிரவில்லை, உணர்ச்சி இல்லாததால் அடிபட்டும் சுட்டுக்கொண்டும் போகின்றன என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பால் திணற, நோயுள்ள ஒரு சிறுவன் வந்து சாவியைச் சட்டென்று திருகித் திறந்துவிட்டான். விரலைப் பார்த்தால் எலும்பு தெரியும்வரை வெட்டுப்பட்டிருக்கிறது. பையனுக்குத் தெரியவே இல்லை. இன்னொரு சமயம், ராத்திரியில் விரல் காணாமல்போவது எப்படி என்று ஆள் வைத்துப் பார்த்தால், தூங்குகிறவர் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் வீட்டுக்குப் போகிற நோயாளிக்குப் பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

கை சரியானவர்கள் சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டதுதான் இந்த ஆய்வில் எனக்கு முக்கியமான இடம். நிமிர்ந்த கைக்குப் பிச்சை விழவில்லை. பழைய அடையாளத்தால் வேலையும் கிடைக்கவில்லை. நல்லது செய்தோம் என்று திருப்திப்பட்டு உட்கார வேண்டிய நேரத்தில், செய்த நல்லதே ஒருவர் வயிற்றில் அடிக்கிறது என்று தெரியவந்தால் என்ன செய்வது? அவர்கள் மேல் கோபப்படவில்லை. ‘நவஜீவ நிலையம்’ என்று குடிசைகள் கட்டி, அங்கே தங்கவைத்துத் தச்சு சொல்லிக்கொடுத்தார்கள், பொம்மைகள் செய்ய வைத்தார்கள். கொல்லிமலையில் ஜெஸ்ஸி செய்த அதே வேலை. பிறகு 1955-இல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை வந்தது. உணர்ச்சியற்ற பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பர் செருப்பு அங்கே உருவாக்கினார்கள். வேலூர் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தக் கறுப்புச் செருப்பைப் பார்த்திருப்பார்கள், என்னவென்று தெரியாமல்.

சரி, கூடைக்கு வருவோம். வேலூரில் ஒருநாள் பால் ஒரு நோயாளியைச் சோதித்துவிட்டு, என்ன சிகிச்சை என்று விளக்கிக்கொண்டிருந்தார். தமிழ் அப்போது தடுமாறும், உடனிருந்த பெண் மொழிபெயர்த்தார். பேச்சுவாக்கில் அந்த மனிதரின் தோளில் கையைப் போட்டார். அவர் தேம்பி அழ ஆரம்பித்தார். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டேனா என்று பால் பதறிக் கேட்டார். அந்தப் பெண் விசாரித்துச் சொன்னார்: நீங்கள் தோளில் கை வைத்தீர்கள், பல வருடமாக இவரை யாரும் தொட்டதில்லையாம், அதனால் அழுகிறார்.

கையுறையோடு கால் கழுவிய அப்பாவின் மகன் அவர். அப்பா போன தூரம் அவ்வளவு. அந்தக் காலத்து மருத்துவ அறிவுக்கு அதுவே பெரிய துணிச்சல். மறைந்து நின்று பார்த்த பையன் மனதில் கால் கழுவியதும் தங்கியது, கூடை எரிந்ததும் தங்கியது. முப்பது வருடம் கழித்து, முதலாவது இரண்டாவதை வென்றது. நாம் பாதி பயத்தோடு செய்கிற நல்லதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மீதியை அவர்கள் செய்துமுடிக்கக்கூடும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கண்ணாடி இல்லாத வீடு

எவலின் கதை இன்னும் இருக்கிறது. கணவர் இறந்தபின் இங்கிலாந்து போய் இந்தியாவுக்குத் திரும்பியவரை, மிஷன் கொல்லிமலையில் தொடர்ந்து இருக்க விடவில்லை. சமவெளியில் வேலை கொடுத்தது. ஓய்வு வயது வந்தபோது அவருக்கு எழுபதை நெருங்கியிருந்தது. இனி இங்கிலாந்துக்குப் போ என்றார்கள். ஒரே ஒரு வருடம் மலையில் இருக்க விடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வருடம் முடிந்ததும் மிஷனிலிருந்து ஓய்வு பெற்றார், மலையிலிருந்து இறங்கவில்லை. கொல்லிமலையோடு கல்வராயன், பச்சைமலை என்று ஐந்து மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும் என்பது இளவயதில் கணவரோடு சேர்ந்து எடுத்த தீர்மானம். சொந்தப் பொறுப்பில் கிளம்பிவிட்டார்.

மட்டக்குதிரை மேல் ஏறி ஊர் ஊராகப் போனார். பலமுறை விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். மகன் வந்து, போதும் அம்மா என்று கெஞ்சியபோது, நான் போய்விட்டால் இவர்கள் புண்ணை யார் கட்டுவது, பல்லை யார் பிடுங்குவது, என் இடத்துக்கு ஆள் வரட்டும், போகிறேன் என்ற மாதிரிதான் பதில் வந்தது. நரம்புச் சிலந்திக்கு அதே வைத்தியம், கிணற்றுக்கு அதே பாடம். இளமையில் ஓவியம் தீட்டியவர், லண்டனில் வசதியான வீட்டுப் பெண், பட்டும் தொப்பியுமாக வளர்ந்தவர். கடைசி இருபது வருடம் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. மகன் பார்க்கப் போயிருந்தபோது, ஊர் நடுவில் ஒரு கற்சுவரில் அம்மா உட்கார்ந்திருக்க, சுற்றி மலைமக்கள் அந்தச் சுருக்கம் விழுந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை மறக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

ஐந்து மலைக்காரர்களும் அவர் பேச்சைக் கேட்டு மனம் திரும்பிவிடவில்லை. அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டு, தங்கள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இருந்தவர்கள் பலர். அவர்கள் வீட்டுப் புண்ணையும் அவர் கட்டிக்கொண்டேதான் இருந்தார்.

1974 டிசம்பரில், 95-ஆவது வயதில் எவலின் இறந்தார். உடலை மலைமேல் கொண்டுபோனார்கள். வாழவந்தியில் ஜெஸ்ஸியைப் புதைத்து 45 வருடம் ஆகியிருந்தது. அந்தக் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவருக்கும் குழி வெட்டினார்கள்.